மூன்று வருடம் கழித்து விற்றால்

பழைய பெட்ரோல் கார் கடைசியாக நின்றது ஒரு நோயாளியின் வீட்டு வாசலில். சும்மா நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வீட்டுக்காரர் புதிதாகப் பதித்திருந்த தரைக்கற்கள்மீது உள்ளே இருந்த எண்ணெயையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் நின்றது. மெக்கானிக் வந்தார், பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார், மெதுவாக மூடினார். மூடிய விதத்திலேயே அண்ணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சில டாக்டர்கள் அப்படித்தான் கதவை மூடிக்கொண்டு வெளியே வருவார்கள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ள ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான், இறந்துபோன கணவனின் தங்கை. ஆனால் அந்தத் தங்கை வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, மாடி வீட்டுக்காரர்கள், தபால்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணிக்கு வேலை பிசியோதெரபி. கிளினிக் கிடையாது. வீடு வீடாகப் போய்ச் செய்வாள். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள், மூட்டு மாற்றியபின் நடக்கப் பயப்படுகிறவர்கள். ஒரு நாளைக்கு எட்டு வீடு, எழுபது எண்பது கிலோமீட்டர். கார் டிக்கியில் மடக்கு வாக்கர், ரப்பர் பட்டைகள், மணல் மூட்டைகள், கரண்டு கொடுக்கிற பெட்டி. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் மறுவாரம் அவளுக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தேவைப்படும்.

நாத்தனாருக்கு முப்பத்தொன்பது வயது, அண்ணியைவிட ஒன்பது வருடம் சின்னவள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் அவளுக்குப் பேர் ஜட்ஜம்மா. அண்ணன் வைத்த பேர். ஆறு வயதில், பூனை பாலைக் குடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், யார் பார்த்தது என்று கேட்பாளாம். பார்த்தேன் என்றால், எத்தனை மணிக்கு என்பாளாம். அண்ணன் ஆறு வருடங்களுக்கு முன் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தபோது, ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு கைப்பையோடு வந்தாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பெரிய சண்டை இல்லாமல், பெரிய கொஞ்சலும் இல்லாமல், ஒரே காரில் போய் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் அண்ணி ஜட்ஜம்மாவை ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிடுவாள், சாயங்காலம் கடைசி நோயாளியை முடித்துவிட்டு ஏற்றிக்கொள்வாள்.

எலக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னது அண்ணி. தினமும் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகவில்லை. ஆளுக்குப் பாதி போடுவது என்று ஜட்ஜம்மா சொன்னாள். அதோடு, தேடுகிற வேலை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டாள். மறுநாளே சாப்பாட்டு மேஜையில் ஒரு அட்டவணை முளைத்தது. வண்டி, விலை, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம், பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மையில் தலைப்பு: மூன்று வருடம் கழித்து விற்றால்.

வண்டியே இன்னும் வாங்கவில்லை, அதற்குள் விற்கிற கதையா என்று அண்ணி சிரித்தாள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. அண்ணன் இறப்பதற்கு ஆறு மாதம் முன்னால்தான் தனக்கென்று ஒரு புதுக் கார் கடனில் எடுத்திருந்தார். அவர் போனபின் விற்கப் பார்த்தால், கடன் பாக்கியில் பாதிக்குக்கூட ஆள் வரவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, இல்லாத காருக்கு அண்ணி நாலு வருடம் தவணை கட்டினாள். அதை ஜட்ஜம்மா மறக்கவில்லை என்று அண்ணி அப்போது நினைத்துக்கொண்டாள். பாதி சரியான நினைப்பு.

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார்கள். தரை கண்ணாடிபோல் இருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் காரின் திரையைக் காட்டினார், பாட்டுக் கேட்கிற பெட்டியைக் காட்டினார், கூரை தானே திறப்பதைக் காட்டினார். அண்ணி அதையெல்லாம் விட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்தாள். மூட்டு மாற்றிய ஒருவர் இதில் ஏற முடியுமா, எதைப் பிடித்துக்கொள்வார் என்பது அவள் கவலை. ஜட்ஜம்மா தன் கேள்வியைக் கேட்டாள். கல்யாண வீட்டில் விவாகரத்தைப் பற்றி விசாரித்ததுபோல அந்த மனிதர் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, கம்பெனி இந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை விலையைக் குறைத்திருக்கிறது, வாங்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்றார். அப்படியானால் போன வருடம் முழு விலை கொடுத்தவர்களின் வண்டி என்ன விலைக்குப் போகும் என்று ஜட்ஜம்மா கேட்டாள். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜட்ஜம்மா விளக்கினாள். புது எலக்ட்ரிக் கார் முதல் மூன்று வருடத்தில்தான் கிடுகிடுவென்று விலை இறங்கும். புது மாடல் வரும், பேட்டரி மலிவாகும், கம்பெனியே விலையைக் குறைக்கும். அதற்குப்பின் இறக்கம் நிதானமாகிவிடும். அதனால் விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடித்த, ஆனால் பேட்டரி கெடாத வண்டியாகப் பார்க்க வேண்டும். விலையும் கையைக் கடிக்காது, நாளைக்கு விற்றாலும் அடிபடாது.

அடுத்தது பழைய கார் வியாபாரி ஒருவரின் முற்றம். நாற்பது ஐம்பது கார்கள் வெயிலில் பளபளத்தன. நாலு வயதான வெள்ளை வண்டி ஒன்றை அவர் காட்டினார். விலை ஆசைகாட்டியது. திரையில் முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் என்று போட்டிருந்தது. அண்ணிக்குப் பிடித்துப்போனது, வாயைத் திறக்கவும் போனாள். ஜட்ஜம்மா கைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து செருகி, போனைப் பார்த்தாள். பேட்டரி புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் நூற்றுக்கு எழுபத்தொன்றுதான் இப்போது பிடிக்கும் என்று போன் சொன்னது. திரையில் முந்நூற்றுப் பத்து என்கிறதே என்றார் வியாபாரி. கடைசியாக ஓட்டினவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்துத்தான் திரை கணக்குச் சொல்லும், யாரோ இரண்டு நாள் இதை நடக்கிற வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று ஜட்ஜம்மா கோபமே இல்லாமல் சொன்னாள். வியாபாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க எங்க வேலை பாக்கறீங்க என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அண்ணிக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. போகிற இடத்திலெல்லாம் மூன்று வருடம். போனில் யாரோடோ பேசும்போதும் மூன்று வருடம். இரண்டு இல்லை, ஐந்து இல்லை. பழைய பெட்ரோல் காரைப் பதினாலு வருடம் ஓட்டினவர்கள், புதிதாக வாங்கப்போகிற வண்டியை எதற்காக மூன்று வருடத்தில் விற்க வேண்டும்? ஒரு காலை, ஒரு முதியவரின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. விற்கிற நாளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவள், கிளம்புகிற நாளைக் குறித்து வைத்திருக்கிறாள்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்த உரிமையில் கேட்பது என்று தோன்றியது. இருவரையும் சேர்த்துக் கட்டிய கயிறு ஒரு மனிதன். அவனே இல்லை. ஆறு வருடம் கூட இருந்ததே அவள் மனசு. இன்னும் இரு என்று சொல்ல நாம் யார்? இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாலும், அன்றைக்கு அந்த முதியவரின் விரலை அவள் கொஞ்சம் அதிகமாகவே நீட்டிவிட்டாள். அவர் ஐயோ என்றபிறகுதான் சுயநினைவு வந்தது.

வண்டி கடைசியில் ஒரு நோயாளியிடமிருந்தே வந்தது. பேக்கரிக்கார அம்மா ஒருத்தி, ஐம்பத்தைந்து வயது, முப்பது வருடம் மாவு பிசைந்து வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே தூக்க வராமல் இருந்தாள். அண்ணியிடம் எட்டு வாரமாக வைத்தியம். காபிக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுவதை நிறுத்திவிட்டதாகவும், அதற்காக வைத்திருந்த எலக்ட்ரிக் கார் சும்மா நிற்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னாள். மூன்றரை வயது வண்டி. காலையில் முப்பது கிலோமீட்டர் ஓடும், மற்ற நேரம் பேக்கரிக்குப் பின்னால் நிழலில் நிற்கும். வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற இடங்களுக்குப் போனதே இல்லை, வீட்டுப் பிளக்கில் மெதுவாகத்தான். அதுவும் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. கம்பெனிக்காரன் சொன்னான், நான் கேட்டுக்கிட்டேன் என்றாள்.

ஜட்ஜம்மா கருவியோடு வந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. பேட்டரி உத்தரவாதம் இன்னும் நாலரை வருடம் மிச்சம். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. பின் சீட்டைத் தட்டினால் மாவு பறந்தது. ஜட்ஜம்மாவின் முகத்தில், தண்ணீர்ச் சோதனையில் கிருமி இல்லை என்று வரும்போது தெரிகிற அந்தச் சின்ன வெளிச்சம் வந்தது. அதை அண்ணி பார்த்தாள்.

பேக்கரிக்கார அம்மா விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். வாங்கி மறுமாதமே லாபத்துக்கு விற்கிற ஆட்கள் வந்து போயிருந்தார்களாம், அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?"

"மூணு வருஷம்" என்றாள் ஜட்ஜம்மா.

"பத்து வருஷம்" என்றாள் அண்ணி.

இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. பேக்கரிக்கார அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த பேக்கரியில் அடுப்பு எரிவதில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா திரும்பி வந்ததும் ஜட்ஜம்மா ஒரு கோரிக்கை வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை முழுக்கச் சார்ஜ் செய்து தர வேண்டும். அதைத் தீருகிற வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவி ஒன்று சொல்லும், திரை ஒன்று சொல்லும், சாலை சொல்வதுதான் உண்மை. பேக்கரிக்கார அம்மா சாவியைக் கொடுத்தாள். சார்ஜ் வயர் டிக்கியில இருக்கு, இது வரைக்கும் வழியில வேலை வந்ததில்ல என்றாள்.

அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். திட்டம் ஜட்ஜம்மாவுடையது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய வட்டம். பன்னிரண்டு சதவீதம் மிச்சம் இருக்கும்போது, வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால் உள்ள சார்ஜ் நிலையத்துக்குப் போய்விடலாம். அண்ணி ஓட்டினாள். ஜட்ஜம்மா பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து பத்துப் பத்து சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டே வந்தாள். போக ஓர் இடம் இல்லாமல், ஆள் யாரையும் பார்க்கப் போகாமல், சும்மா ஓட்டுவதற்காகவே ஓட்டுவது இருவருக்கும் புதிதாக இருந்தது. வயல்கள் போயின, செங்கல் சூளைகள் போயின, ஏதோ ஒரு தொழிற்சாலையின் நீண்ட சுவர் போனது. வண்டியில் சத்தமே இல்லை. பழைய காராக இருந்தால் அது போடுகிற சத்தத்தில் பேசாமல் இருந்தாலும் தெரியாது. இதில் பேசாமல் இருப்பது நன்றாகவே கேட்டது.

இருபது சதவீதத்தில் அண்ணி கேட்டே விட்டாள்.

"மூணு வருஷம்னு சொன்னியே. அதுக்கப்புறம் வண்டி எங்க இருக்கும்?"

ஜட்ஜம்மா பேனாவை மூடினாள். "வண்டி இங்கதான் இருக்கும், அண்ணி."

"அப்ப நீ?"

ஜட்ஜம்மா நோட்டை மடியில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஆற்றோரம் இருக்கிற வேறொரு நகரத்தில், நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி, புதிதாக ஒரு பரிசோதனைக் கூடம் கட்டுகிறார்கள். அதற்குத் தலைமை ஏற்க அவளைக் கேட்டிருந்தார்கள். கட்டடம் முடிய இரண்டரை, மூன்று வருடம் ஆகும். நாலு மாதம் முன்பே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினேழு வருடம் பிறர் எடுத்த மாதிரிகளைச் சோதித்தவளுக்கு, ஒரு நகரத்தின் தண்ணீருக்கு முதலிலிருந்து பொறுப்பேற்க ஒரு வாய்ப்பு. விட மனசில்லை. தினமும் சொல்ல வேண்டும் என்றுதான் காலையில் காரில் ஏறுவாளாம். எப்போது பார்த்தாலும் அது தப்பான நேரமாகவே இருக்குமாம்.

"அதனாலதான் வண்டி விலை விழக்கூடாதுன்னு பாத்தேன். என் பங்குக்காக இல்ல. அண்ணன் திடீர்னு போனாரு, நாலு வருஷம் நீங்க கட்டுனீங்க. நான் போறதால உங்களுக்கு எந்த நஷ்டமும் வரக்கூடாது. நான் போன மறுநாள் நீங்க இதை வித்தாலும் கை நஷ்டம் இருக்கக்கூடாது."

அண்ணிக்கு வேலையைப் பற்றிக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. கோபம் வந்தது அந்தச் சிவப்பு மைத் தலைப்பை நினைத்துத்தான். நாலு மாதமாக விஷயத்தை மறைத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே, இவள் எதிரே இருப்பவளின் நஷ்டத்தைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நஷ்டமே இல்லாமப் போறதுக்கு ஒரு வழி தேடியிருக்க" என்றாள் சாலையைப் பார்த்தபடியே. "அப்படி ஒரு வழி கிடையாதுடி. நீ போனா எனக்கு நஷ்டந்தான். அதை நான் ஏத்துக்கறேன். அதைப் போய் வண்டி விலையில சரிக்கட்டப் பாக்கறியே, அதுதான் பொறுக்கல."

ஜட்ஜம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் இறந்தபோதுகூட அவள் யார் முன்னாலும் அழவில்லை. இப்போதும் அழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைத்துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். இந்த அமளியில் சார்ஜ் நிலையத்துக்குப் பிரிகிற வழி இடது பக்கமாக வந்து, பெரிய பச்சைப் பலகையோடு, மரியாதையாக விலகிப் போய்விட்டது.

அதை முதலில் கவனித்தது கார்தான். டிங் என்று ஒரு சத்தம். திரையில் ஒரு மஞ்சள் விளக்கு. பத்து சதவீதம். ஜட்ஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு போனில் வரைபடத்தைப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் அடுத்து இறங்குகிற வழி பதினேழு கிலோமீட்டர் தள்ளி. அதற்குள் திரும்ப வழியே இல்லை. ஏசியை நிறுத்தினார்கள். லாரிகளுக்குப் பின்னால், லாரிகளுக்கே பொறுமை போகிற வேகத்தில், ஓரமாக ஊர்ந்தார்கள். ஒன்பது, எட்டு, ஏழு. வியர்வை வழிந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மூச்சு விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதுபோல.

"நிலையம் போனதை நீ பாக்கலையா? நோட்டு உங்கிட்டதான இருக்கு" என்றாள் அண்ணி.

"நான் அழுதுட்டு இருந்தேன்" என்றாள் ஜட்ஜம்மா. ஒத்துக்கொண்டதற்கு அவளே திகைத்ததுபோல இருந்தது. அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது நாலு சதவீதம். சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடிக் கிடந்தன. ஒரே ஒரு தகரக் கூரைக்குக் கீழிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறை. அங்கே ஒரு தச்சர் தனியாக ஒரு பெரிய அலமாரிக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். நிலைமையைச் சொன்னார்கள். காருக்குக் கரண்டு கேட்டு அவரிடம் யாரும் வந்ததில்லை. வயரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், சாதாரண மூன்று முனை பிளக்தான் என்று தெரிந்ததும், சுவரில் மரம் இழைக்கிற ரந்தா மெஷின் செருகியிருந்த இடத்தைக் காட்டினார். மறு நாள் கொடுக்க வேண்டிய அலமாரி, ஆனால் ரந்தா வேலை முடிந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். வீடு போய்ச் சேருகிற அளவுக்கு ஏற வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் போதும், பாதுகாப்புக்கு மூன்று என்றாள் ஜட்ஜம்மா. அவர்கள் உட்காரத் தச்சர் இரண்டு பலகைகளை இழுத்துப் போட்டுத் தூசியைத் தட்டிவிட்டார்.

பணம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் குனிந்து ஆணியை எடுத்த விதத்தை அண்ணி பார்த்துவிட்டாள். இடுப்பை மடக்காமல், ஒரு கையால் மேஜையைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து எடுத்தார். எத்தனை மாதமா இப்படி என்று கேட்டாள். அவர் மாதம் இல்லை, வருடம் என்றார். அதற்குமேல் அவர் அவள் வசம். மரத்தூள்மீது ஒரு சாக்கை விரித்து அவரைப் படுக்க வைத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னாள், இடுப்பைத் தரையோடு அழுத்தச் சொன்னாள், எந்த இடத்தில் வலி எட்டிப் பார்க்கிறது என்று கேட்டுக் கேட்டு விரலால் தேடினாள். மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். பலகை தூக்கும்போது முதுகால் தூக்கக்கூடாது, தொடையால் தூக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். தச்சர் எழுந்து நின்று மெதுவாகக் குனிந்து பார்த்தார். வலி போகல, ஆனா எங்க இருக்குன்னு இப்பத் தெரியுது என்றார். அது போதும், தினமும் செஞ்சா மீதியும் போகும் என்றாள் அண்ணி.

திரும்பிப் பார்த்தால் ஜட்ஜம்மா பலகைமீது, நோட்டைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மாதம் சுமந்ததை இறக்கி வைத்த தூக்கம். தலைமயிரில் மரச்சுருள் ஒன்று ஒட்டியிருந்தது.

"உங்க தங்கச்சியா?" என்று தச்சர் கேட்டார்.

"ஆமா" என்றாள் அண்ணி.

அந்த மூன்று மணி நேரத்தில் அவள் நிறைய யோசித்தாள். இத்தனை வருடமும் நோயாளிகளிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது, பழையபடி ஆகுமா என்று கேட்காதீர்கள், இப்போது இருக்கிற கையை வைத்து எவ்வளவு செய்யலாம் என்று பாருங்கள் என்பதுதான். சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். பிறகு தானும் கணக்குப் போடுவதைக் கண்டு தலையை ஆட்டிக்கொண்டாள். நூற்றெண்பது கிலோமீட்டர். இந்த வண்டி ஒரே சார்ஜில் போகிற தூரம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அதைத்தான் இருவரும் ஓட்டி நிரூபித்திருக்கிறார்கள்.

ஜட்ஜம்மா கண் விழித்ததும் அண்ணி முடிவைச் சொன்னாள்.

"வாங்கிடலாம். ஆனா நான் விக்க மாட்டேன். நீ போனப்புறமும் ரெண்டு பேர் பேர்லயே இருக்கட்டும். அந்தச் செவப்புக் கட்டத்தை மட்டும் அடிச்சிடு."

"அடிச்சிட்டா அட்டவணை முழுசா இருக்காதே" என்றாள் ஜட்ஜம்மா தூக்கக் கலக்கத்தில்.

"இருக்க வேண்டாம்."

பேக்கரிக்கார அம்மாவிடம் ஜட்ஜம்மா கணக்கை வைத்தாள். நூறிலிருந்து நாலு வரை, இருநூற்று முப்பத்தாறு கிலோமீட்டர், கடைசிப் பகுதி ஆமை வேகத்தில் என்று அதையும் மறைக்காமல் சொன்னாள். தேய்ந்த டயருக்காகக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். நோயாளியிடம் பேரம் பேசுகிறாளே என்று அண்ணி வெட்கத்தோடு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குறைத்தாள். பின் சீட்டு மாவைத் தட்டித் தருவதற்கு மட்டும் மறுத்துவிட்டாள், தோள் வலிக்கிறது என்று.

புதுப் பரிசோதனைக் கூடத்தின் கட்டடம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்து ஜட்ஜம்மா கிளம்பினாள். அதற்குச் சில வாரம் முன்னால், பழக்கதோஷத்தில், வண்டியின் சந்தை விலையைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. மலிவான புது மாடல் ஒன்று வந்து, பழைய எலக்ட்ரிக் கார்களின் விலையையெல்லாம் ஒரேயடியாகச் சரித்துவிட்டிருந்தது. அவள் போட்டு வைத்த எண்ணைவிட நன்றாகவே கீழே. எல்லாவற்றையும் பார்த்தேன், இதை மட்டும் பார்க்காமல் விட்டேன் என்று குற்றவாளிபோல வந்து நின்றாள். பேட்டரி எவ்வளவு என்று அண்ணி கேட்டாள். தொண்ணூற்றொன்று. நாளைக்கு எட்டு வீடு, போதுமா? தாராளமாப் போதும். அப்புறம் என்ன, சாப்பிட வா என்றாள் அண்ணி.

பெட்டிகளோடு அண்ணியே அவளைக் கொண்டுபோய் விட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள், ஆனால் பிரிகிற வழிகளையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டே அழுதார்கள். ஜட்ஜம்மாவுக்கு வீடு இன்னும் கிடைக்காததால் ஒரு இரவு ஹோட்டலில் தங்கி, காரைப் பொது நிலையத்தில் சார்ஜ் செய்து, அண்ணி தனியாகத் திரும்பி வந்தாள். முதல் இரண்டு வாரம் வீடு பெரிதாக இருந்தது. காலையில் ஆய்வுக்கூடப் பக்கம் போகிற சாலையில் கார் தானாகவே திரும்பிவிடும், திட்டிக்கொண்டே வளைத்து எடுப்பாள். பிறகு புதிதாக ஒரு நோயாளியை அந்த நேரத்துக்குச் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, நேரே பார்க்கப் போனாள். ஜட்ஜம்மா எடுத்திருந்த வீடு நாலு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஜட்ஜம்மா கீழே வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். மேலே போய்ப் பார்த்தால் வீட்டில் ஒன்றுமே இல்லை. தரையில் ஒரு மெத்தை, ஒரு நாற்காலி, ஜன்னலுக்குத் திரைகூட இன்னும் போடவில்லை. ஒரு மாசமா என்னதான் பண்ணினே என்று அண்ணி கேட்டாள். வேலை சரியாக இருந்தது, அதோடு கட்டடச் சங்கச் செயலாளரிடம் ஒரு அனுமதிக்காக நடையாய் நடந்தேன் என்றாள் ஜட்ஜம்மா. என்ன அனுமதி என்று அவள் சொல்லவில்லை. காரை எங்கே நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டாள். தெருவில் என்றாள் அண்ணி.

இருவரும் கீழே இறங்கினார்கள். ஜட்ஜம்மா முன்னால் நடந்து கைகாட்ட, அண்ணி காரை உள்ளே எடுத்து வந்தாள். வாகனம் நிறுத்துகிற இடத்தின் கோடியில், கார் இல்லாத ஜட்ஜம்மாவின் வீட்டு எண் எழுதிய சுவரில், புத்தம்புதிதாக ஒரு சார்ஜ் பெட்டி பொருத்தியிருந்தது. எலக்ட்ரீஷியன் நேற்றுத்தான் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தார். சுவரில் ஓட்டை போட்ட சிமெண்ட் தூள் இன்னும் கீழே கிடந்தது.

"கட்டில் அடுத்த மாசம் வாங்கிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஜட்ஜம்மா வயரை எடுத்துச் செருகினாள்.